கணக்கைக் காக்கும் வேலை



தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஊழியர் சேமநிதிக்கு ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. முதலாளி தரப்பும் தன் பங்கைச் செலுத்துகிறது. 1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. 20 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 55 வயதில் அந்தப் பணத்தைக் கேட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 35 ஆண்டு உழைப்பு அப்போது எங்கே இருக்கிறது? பெட்டியில் அடுக்கிய நோட்டுகளாக இல்லை. உமக்குச் சேரவேண்டியது இவ்வளவு என்று சொல்லும் ஓர் எண்ணாக, ஏதோ ஒரு கணினியின் வட்டில் இருக்கிறது. அந்த எண் தவறிப்போனால் அந்த மனிதர் யாரிடம் போய் வாதாடுவார்?

இத்தகைய எண்கள் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. தரவுச் சேமிப்பு மென்பொருள் பொறியாளர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். பெயர் நீளமானதுதான். ஆனால் வேலை நமக்கு அந்நியமானதன்று. இன்று இந்த உத்தியோகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கணினி வேலை என்றதும் நம் பெற்றோர்களில் பலர் அலுவலகத்தில் தட்டச்சு செய்வதையோ, பட்டணத்துக் கடையில் பழுது பார்ப்பதையோதான் எண்ணிக்கொள்கிறார்கள். அவையும் நேர்மையான பிழைப்புகளே. நாம் சொல்வது வேறு. பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியார் என்ன செய்வார்? வாளியை நிறுத்தவுடன் கையிலுள்ள சிறிய குறிப்பேட்டில் பெயரையும் எடையையும் எழுதிக்கொள்வார். பிறகு அலுவலகத்துக்குப் போய்ப் பெரிய பேரேட்டில் ஏற்றுவார். நேரே பேரேட்டில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். வரிசையில் இத்தனை பேர் நிற்கும்போது அது முடியாது. அதோடு பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும், குறிப்பேடு கையில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் குறிப்பேடு, பிறகே பேரேடு. உலகத்து வங்கிக் கணினிகள் பெரும்பாலும் இந்த வழக்கத்தில்தான் நடக்கின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கணினியின் பேரேடு பிறந்த கதையில் ஓர் ஆசிரியர் வருகிறார். ரெய்னால்ட் ஜான்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவர்களின் பென்சில் குறிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். விடைத்தாள் திருத்தும் எங்கள் இனத்தார் இவரை மறக்கலாகாது! 1934இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். 1956இல் அவர் குழுவினர் உலகின் முதல் கணினி வட்டுச் சாதனத்தை வெளியிட்டார்கள். இரண்டு அடி அகலமுள்ள 50 வட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு பெரிய சாதனத்தில் கொண்டது 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று ஒரு கைப்பேசிப் படத்துக்கே அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

அதே சான் ஹோசேயில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்கு 1981இல் ஓர் இளைஞர் வேலைக்கு வந்தார். சி. மோகன் என்னும் அவர் தமிழகத்தைச் சேர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அவர். அங்கே இருந்த பெரிய ஐ.பி.எம். கணினி அவர் மனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டது. 1977இல் பட்டம் பெற்று, டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் கணினி இயலில் முனைவரானார். எடுத்த பாடத்தை மாற்றினால் வாழ்க்கை கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். அப்பாவின் கணக்கிலிருந்து 100 ரிங்கிட் கழித்து, பட்டணத்தில் படிக்கும் மகளின் கணக்கில் சேர்க்கவேண்டும். கழித்தாயிற்று. சேர்ப்பதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது அந்த 100 ரிங்கிட் எங்கே?

முதலில் குறிப்பேடு என்ற வழக்கம் மோகனுக்கு முன்பே கணினி உலகில் இருந்தது. இயந்திரம் நின்று மீண்டும் எழும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு எப்படிப் பிழையின்றி, விரைவாகக் கணக்கை மீட்பது என்பதுதான் சிக்கல். 1992ஆம் ஆண்டில் அவரும் உடன் பணியாற்றிய நால்வரும் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் முறை அதற்கு விடை சொன்னது. அதன்படி, குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், இந்த எண் வரையில் ஏற்றியாயிற்று என்று குறித்திருக்கும். ஆகவே ஒரே வரியை இருமுறை ஏற்றும் தவறு நேராது. மின்சாரம் வந்ததும் கணினி குறிப்பேட்டைப் படித்து, விடுபட்டவற்றையெல்லாம் முதலில் ஏற்றுகிறது. முடிந்த வேலை, முடியாத வேலை என்ற பேதம் அப்போது பார்ப்பதில்லை. அதன் பிறகுதான் 'முடிந்தது' என்ற குறி இல்லாதவற்றைப் பின்னோக்கி நீக்குகிறது. அப்பாவின் 100 ரிங்கிட் அப்பாவிடமே திரும்புகிறது. பணம் ஒன்று அவரிடம் இருக்கும், அல்லது மகளிடம் இருக்கும். இடையில் காணாமற்போவது கிடையாது.

மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மின்சாரம் நின்றால்? அதற்கும் வழி செய்தார்கள். நீக்கியதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகவேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் அப்பாவுக்கு 100 ரிங்கிட் இரண்டு முறை போய்ச் சேரும். அப்பா மகிழ்வார், வங்கி மகிழாது.

மோகன் 2020இல் ஓய்வு பெறும் வரை அதே நிறுவனத்தில் 38 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1997இல் அதன் உயர்ந்த தகுதியான 'ஃபெல்லோ' பட்டமும், 2009இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. பிற நிறுவனங்களின் மென்பொருள்களும் அந்த வழிமுறையைக் கையாண்டன.

இவ்வேலையில் எல்லாரும் புதியன கண்டுபிடிக்கிறார்கள் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலான நாள்கள் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதிலும், பிழை தேடுவதிலும், வேண்டுமென்றே இயந்திரத்தை நிறுத்திக் கணக்கு மீள்கிறதா என்று சோதிப்பதிலும் கழிகின்றன. நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், கிட்லேப் என்னும் நிறுவனத்தில் இரவு நெடுநேரம் வேலை செய்த பொறியாளர் ஒருவர், ஒரு கணினியில் அழிக்கவேண்டியதை வேறொரு கணினியில் அழித்துவிட்டார். காப்புப் பிரதிக்கு அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகுக்கு எழுதிக் காட்டியது. எமக்கு அதில் பிடித்த பகுதி அதுதான்.

அடுத்து, நம் நாட்டின் நிலை. ஜொகூர் கூலாயில் 'கூலாய் யங்' தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று பெரிய தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. தோட்டம் போன இடத்தில் தரவு மையம் வந்துவிட்டதால் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த உத்தியோகம் வந்துவிட்டது என்று ஆகாது. அக்கட்டடங்களுக்குள் வேண்டியவர்கள் பெரும்பாலும் மின் பணியாளர்களும், குளிரூட்டும் கருவிகளைப் பார்ப்பவர்களும், காவலர்களும் போன்றவர்கள். நிரல் எழுதுகிறவர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். கட்டடத்தைப் பார்த்து ஏமாறாமல் பாடத்தைப் பார்க்கவேண்டும் என்பதே எமது கருத்து.

பாடம் என்றால் முதலில் கணிதம். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் கடினம் என்று விட்டுவிடும் பிள்ளைக்கு இந்த வழி பிறகு மிகவும் குறுகிவிடுகிறது. பெண் பிள்ளைக்கு அது எதற்கு என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. அந்த வீடுகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் டிப்ளோமா என எந்த வழியாகவும் பட்டப்படிப்புக்குப் போகலாம். ஆங்கிலமும் வேண்டும். இத்துறை நூல்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

காசு செலவில்லாமல் இன்றே தொடங்கவும் வழியிருக்கிறது. 'போஸ்ட்கிரஸ்' என்னும் தரவுத்தள மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் நிரல் முழுவதையும் படிக்கவும் தடையில்லை. பழைய மடிக்கணினி ஒன்று போதும். அப்பா, மகள் என்று இரண்டு கணக்குகளைப் பிள்ளை உருவாக்கட்டும். ஒரே பரிமாற்றமாகத் தொடங்கி, அப்பாவிடமிருந்து 100 கழித்துவிட்டு, மகளுக்குச் சேர்க்குமுன் கணினியை விசையை அழுத்தி அணைத்துவிடட்டும். பிறகு திறந்து அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஏன் அப்படி என்பதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.