கோடு போட்டால் பூனை புலியாகுமா?

‘வயது முப்பதைக் கடந்தபின் புதுக் கலை கற்க முடியுமா?’ என்பது இன்றைய கலந்துரையாடலின் தலைப்பு. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

கேமராவின் முன் நின்று பழகியவள் நான். களிமண்ணைத் தொட்டதுகூட இல்லை. அப்படிப்பட்ட என்னிடம், ஒன்பது வயதான என் அக்காள் மகன் வந்து, “சித்தி, பள்ளி நாடகத்தில் நான்தான் மலாயாப் புலி. தலையை முழுக்க மூடுகிற முகமூடி வேணும்” என்றான்.

கணினியிலேயே சிற்பம் செதுக்கலாம் என்று கேள்விப்பட்டு, பிளெண்டர் மென்பொருளைப் பதிவிறக்கினேன். 2002இல் பொதுமக்கள் திரட்டித் தந்த 100,000 யூரோவால் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. இன்றும் இலவசம்தான்.

திரையில் ஓர் உருண்டை. தூரிகையால் இழுத்தால் நீள்கிறது, அழுத்தினால் குழிகிறது. இடப்பக்கம் செதுக்கினால் வலப்பக்கமும் தானாகப் பதிகிறது. தவறினால் ஒரே தட்டலில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆர்வம் தாங்காமல் முதல் நாளே மீசையும் கோடுகளும் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் தம்பி பார்த்துச் சிரித்தான். “அக்கா, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக இருக்கிறதே!”

அவன் சொன்னது சரி. பூனைக்கு இருப்பதுபோல் நீளவாட்டில் ஒடுங்கிய கண்மணி வைத்திருந்தேன். புலிக்கோ அது வட்டம். மூக்கு அகலம், தாடை கனம், காது உருண்டை, காதின் பின்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி. கோடுகளை அழித்தேன். பெரிய வடிவம் முதலில், சில்லறை வேலை கடைசியில். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் வலித்தது. செதுக்கிய தலையைத் தட்டையான துண்டுகளாகக் கணினியில் விரித்து, காகிதத்தில் அச்சிட்டு, நுரைத்தாளில் வெட்டி ஒட்டினோம். பார்க்க அழகான புலி. பிள்ளை அதை மாட்டிக்கொண்டு நான்கு அடி நடந்தான். நாற்காலியில் இடித்து விழுந்தான். “ஒண்ணும் தெரியல சித்தி, மூச்சு முட்டுது” என்று உள்ளிருந்து அழுதான்.

புலியின் கண்கள் அகன்றிருந்தன, அவன் கண்களோ நெருங்கியிருந்தன. ஓட்டை இருந்தும் பார்வை இல்லை. திரையில் புலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நான், அதற்குள் இருக்கப்போகிற பிள்ளையை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

மறுபடி தொடங்கினேன். அளவுநாடாவால் அவன் தலைச் சுற்றளவை எடுத்தேன், 53 சென்டிமீட்டர். அதே அளவில் ஒரு தலையைத் திரையில் வைத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு அதன்மேல் புலியைச் செதுக்கினேன். புலியின் கண்களை மேலே ஏற்றி, வாயைத் திறந்து வைத்து, உள்ளே கறுப்பு வலை பொருத்தினோம். அவன் பார்ப்பது அந்த வாய் வழியே. தாடைக்கு அடியில் காற்றுத் துளைகளும் விட்டோம்.

2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, நம் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாகக் காட்டியது. நாடகத்தில் அதைச் சொல்லும் வசனம் அவனுடையது. மேடையில் தடுமாறாமல் நடந்து வந்து சொன்னான். வாய் திறந்திருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது.

நேயர்களே, முப்பதுக்கு மேலும் கற்க முடியும். சின்னப் பையன் சிரித்தால் கோபப்படாதீர்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ, அவரை முதல் நாளே பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளுங்கள்.