நீர் அரண்

கந்தளாய்வாசிகளாகிய எமக்கு நீர் என்பது கட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டிய பொருள். 1986 ஏப்ரலில் குளக்கட்டு ஓரிடத்தில் உடைந்தது. பல உயிர்கள் போயின. நீரே மனிதருக்கு அரணாய் நின்ற இடமும் உண்டு.

பம்பாய்க்கருகே துரொம்பேயில் 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியது 'அப்சரா' என்னும் சிறு ஆய்வு அணு உலை. ஆற்றல் 1 மெகாவாட்டே. அதன் யுரேனியக் கரு ஆழ்ந்த தடாகத்துள் தொங்கிற்று. அந்நீரே கருவைக் குளிர்வித்தது. நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்தது. மேலே நின்றோரைக் கதிர்களினின்று காத்தது.

ஆயினும் ஆய்வின்பொருட்டுத் தடாகச் சுவரை ஊடுருவிக் குழாய்கள் செல்லும். கதிர் கசியுமிடம் அதுவே. ஆதலின் அளவை செய்வோர் தடித்த கொங்கிரீட்டின் முன்னன்று, குழாய் வாயிலிலும் அடைப்பின் விளிம்பிலுமே நெடுநேரம் நிற்பர். காமாக் கதிருக்கு ஒரு மானி, நியூத்திரனுக்கு வேறொன்று. அளவு மிகுந்தால் முன்னதற்கு ஈயக்கட்டியும் பின்னதற்கு மெழுகுப் பாளமும் அடுக்கி, மறுபடியும் அளப்பர்.