ஒட்டுக்கேட்கத் தெரிந்த கேம்



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊர் வரும் பொடியன்கள் சிலர், பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பசறைப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ, லயத்து வாசலில் நாலு தலைகள் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தால் உள்ளே ஏதோ கேம் ஓடுகிறது என்று அர்த்தம். புதிய கேம்கள் அதில் ஓடாது. 2025இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ நூறு ஜி.பி.க்கு மேல் இடம் கேட்கிறது. அதே தொடரில் 2007இல் வந்த முதல் கேமுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடமே தாராளம். வசதியில்லாததால் பழையதை விளையாடுகிறோம் என்று பொடியன்கள் குறைப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த முதல் கேமைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது, வாயால் சொல்கிறேன். காலம் 1191. பொலன்னறுவையில் நிசங்கமல்லன் ஆண்ட காலம், கடலுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் குலோத்துங்க சோழன் ஆண்ட காலம். மேற்கே மூன்றாவது சிலுவைப் போர். எருசலேம் சலாஹுத்தீன் கையில் இருக்கிறது. அக்கோ துறைமுகத்தை இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் அந்த வருடம் ஜூலையில் பிடித்துவிட்டான். சிரியாவின் மஸ்யாஃப் மலைக்கோட்டையிலிருந்து அல்தாயிர் என்ற கொலைஞன் ஒருவன் இறங்கி வருகிறான். வெள்ளை அங்கி, கண் வரை மறைக்கும் முக்காடு, இடது கை மணிக்கட்டில் ஒளித்த கத்தி. ஒன்பது பேரை அவன் கொல்ல வேண்டும். எஜமானின் கட்டளை அது.

வரலாற்றில் அப்படியொரு கொலைஞர் கூட்டம் இருந்தது உண்மை. நிசாரி இஸ்மாயிலிகள், சிரியாவில் அவர்களுடைய தலைவன் ரஷீதுத்தீன் சினான். 1192 ஏப்ரலில் தீர் நகரத்து வீதியில் மொன்ஃபெராட்டின் கொன்ராட் என்ற பிரபு குத்திக் கொல்லப்பட்டதும் உண்மை. கேமில் கொன்ராட் இல்லை, அவனுடைய தகப்பன் வில்லியம் இருக்கிறான். இப்படி ஆளை மாற்றியும் சேர்த்தும் கதை கட்டியவர்கள் மொன்றியாலில் இருந்த யூபிசொஃப்ட் குழுவினர். தலைமை தாங்கியவர் பத்ரீஸ் தெசிலே. ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’ கேமின் அடுத்த பாகமாகத் தொடங்கிய வேலை, இளவரசனைக் கைவிட்டுக் கொலைஞனைப் பிடித்துக்கொண்டது. விளாதிமீர் பார்தோல் என்ற ஸ்லொவேனிய எழுத்தாளர் 1938இல் எழுதிய ‘அலமுத்’ நாவலின் தாக்கமும் அதில் உண்டு.

இனி, நான் ஏன் இதை மெச்சுகிறேன் என்பதற்கு வருகிறேன். இந்த கேமில் கொலை கடைசி வேலை. முதல் வேலை காது கொடுப்பது. டமஸ்கஸ் நகருக்குள் நுழைந்தால் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்து பக்கத்தில் இருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். கடிதம் கொண்டுபோகிறவன் பின்னால் போய் அதை உருவ வேண்டும். சந்தியில் நின்று முழங்குகிறவனை ஒதுக்குப்புறத்தில் மடக்கி வாயைத் திறக்க வைக்க வேண்டும். இப்படித் திரட்டியதைக் கொண்டுபோய் அந்த நகரத்தில் இருக்கும் கொலைஞர் கூட்டத்துப் பொறுப்பாளரிடம் சொன்ன பிறகுதான் அவர் ஒரு வெள்ளை இறகைத் தருவார். அதுதான் அனுமதி. ஓடினால் காவலாளி திரும்பிப் பார்ப்பான். தலையைக் குனிந்து, கைகளைக் கூப்பி, வெள்ளை உடுத்த அறிஞர் கூட்டத்தோடு மெதுவாக நடந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

திரையின் மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அதை அணைத்துவிட்டு விளையாடச் சொல்வேன். எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பொறுப்பாளரே வாயால் சொல்கிறார், இன்ன சந்தைக்கு வடக்கே என்று. போதாததற்கு, 2007இல் வந்தபோது இந்த கேமில் வசன எழுத்துகளே கிடையாது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அது பெரிய தலையிடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காதால் மட்டுமே பிழைக்க வேண்டிய கேம் என்றால் வானொலிக்காரனுக்குக் கொஞ்சம் பட்சபாதம் வரத்தானே செய்யும்!

கொன்ற பிறகும் கேட்க வேண்டும். குத்துப்பட்டவன் சாகும் முன் அல்தாயிரோடு பேசுகிறான். எருசலேமில் தலால் என்று ஒரு அடிமை வியாபாரி. கூண்டுகளில் ஆட்களை அடைத்து வைத்திருக்கிறான். அவன் சொல்வது என்ன? பிச்சைக்காரர், நோயாளி, நாதியற்றவர், இவர்களைத்தான் எடுத்தேன், விற்பதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு என்கிறான். ஊவாத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. பஞ்சத்தில் கிடந்த உங்களைக் கூட்டி வந்தோம், கூரை கொடுத்தோம், அரிசி கொடுத்தோம் என்ற நியாயத்தைப் பாட்டன் காலத்திலிருந்து கேட்டவர்கள் நாம். அந்த அரிசிக்காசு கங்காணியின் கடன் கணக்கில் ஏறியது வேறு கதை. கேம் தலாலை உத்தமன் ஆக்கவில்லை. ஆனால் அவன் பேசி முடிக்கும் வரை நம்மை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. பாய்ந்து தாவும் கேமில் அப்படி நிறுத்துவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

குறைகள் இல்லையா? நிறையவே இருக்கின்றன. டமஸ்கஸில் எல்லோரும் அரபுச் சாயலில் பேச, கதாநாயகன் மட்டும் சுத்த அமெரிக்கனாகப் பேசுகிறான். சுவரில் பல்லி மாதிரி ஏறுகிறவனுக்கு நீந்தத் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. ஊரெல்லாம் கொடிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள், பொறுக்கினால் ஒரு பயனும் இல்லை. மொத்தம் 420 கொடிகள். எண்ணே காட்டிக் கொடுக்கிறது! கம்பனித் தலைவரின் பிள்ளை விளையாடிப் பார்த்துச் சலித்துப் போனதால், கடைசி நேரத்தில் ஐந்தே நாளில் இந்தச் சில்லறை வேலைகளைச் சேர்த்தோம் என்று அதில் வேலை செய்த சார்ல்ஸ் ரண்டல் பின்னாளில் சொன்னார்.

எல்லாரும் சொல்லும் பெரிய குறை, ஒன்பது முறையும் ஒரே சடங்கு என்பது. இதில் நான் பாதிதான் உடன்படுகிறேன். மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கூத்து வைக்கிறோம். மன்மதன் எரியப்போகிறான் என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும். வருடா வருடம் அதே கதை, அதே தப்படி. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோமே, ஏன்? இந்த வருடம் ரதி வேஷம் கட்டியவன் எப்படி அழுகிறான் என்று பார்க்கத்தான். திரும்பச் செய்வது குற்றமில்லை, திரும்பும்போது ஆள் மாற வேண்டும். இந்த கேமில் சாகிறவன் மாறுகிறான், பெஞ்சில் பேசுகிறவன் மாறவே இல்லை. அங்கேதான் சறுக்கல்.

2009இல் வந்த இரண்டாம் பாகம் அந்தச் சலிப்பைத் தீர்த்தது. இத்தாலியின் புளொரன்ஸ் நகரம், எட்சியோ என்ற கலகலப்பான நாயகன். அதை எல்லோரும் கொண்டாடினார்கள், தகும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது அத்தோடு ஒதுங்கிவிட்டது. பிறகு கப்பல் வந்தது, எகிப்து வந்தது, ஜப்பான் வந்தது. நிலப்பரப்பு ஊதிக்கொண்டே போனது, காதுக்கு வேலை குறைந்தது. 2023இல் ‘மிராஜ்’ என்று பாக்தாத்தை வைத்து ஒன்று செய்தார்கள். விசாரித்து, தடயம் சேர்த்து, அதன் பிறகு கொல்வது என்ற பழைய வழிக்கு அது ஓரளவு திரும்பியது.

முதல் கேமை முடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது முடியாது. அல்தாயிரின் கதையே, நம் காலத்து டெஸ்மண்ட் என்ற இளைஞனை ஒரு இயந்திரத்தில் படுக்க வைத்துத் தோண்டி எடுக்கும் ஞாபகம்தான். கடைசியில் அவன் எழுந்து, அடைபட்டிருக்கும் அறையின் சுவரைப் பார்க்கிறான். யாரோ கிறுக்கி வைத்த குறிகள் தெரிகின்றன. அவ்வளவுதான், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்ததை வாங்க வைக்கும் வியாபாரத் தந்திரம் என்று அப்போது பலர் திட்டினார்கள். திட்டியவர்களில் பலர் 2009இல் இரண்டாம் பாகத்தையும் வாங்கினார்கள்.