எண்ணிக்கையும் இன்னிசையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் பாடத் தொடங்கிய வேளையில், சங்கத்தின் பழைய சிந்தசைசர் ஊமையாகிப் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். பழுது சிறிதுதான், அதற்குரிய உறுப்போ எங்கும் கிடைக்கவில்லை. இவ்வாண்டு வீடுதோறும் திரட்டிய பணம் கையில் இருக்கிறது. மீண்டும் ஏமாறலாகாது. ஆகவே, "இக்கருவி எத்தனை செய்யப்பட்டது? எத்தனை விற்றது?" என்று முதலில் கேட்போமாக.

ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இது புதிய பாடமன்று. டபிள்யூ.டி.எம். 2 டீசல் என்ஜின்கள் 2,600-க்கு மேல் செய்யப்பட்டன. அதனாலன்றோ பல ஊர் லோகோ ஷெட்டுகளில் அவற்றின் உறுப்புகளும், அவற்றை அறிந்த தொழிலாளரும் இருந்தனர்!

இசைக் கருவிக்கும் இதுவே நியதி. 1970 முதல் 1981 வரை வெளிவந்த மினிமூக் ஏறத்தாழ 12,000 தான். 1983-இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7, 1,50,000-க்கு மேல் விற்றது. அதன் சில்லுகள் அக்கம்பெனியே தனக்கெனச் செய்தவை. கடையில் வாங்க இயலாதவை. ஆயினும், பழுதான ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றுக்கு உயிரூட்டலாம். பெருந்தொகையாக விற்றதன் பயன் இது.

எனினும் எண்ணிக்கை ஒன்றே உரைகல் அன்று. கிடாருக்குத் துணையாக 1981-இல் வந்த ரோலண்ட் டி.பி. 303 சுமார் 10,000 அளவில், 1984-இல் நிறுத்தப்பட்டது. விலைபோகாத அக்கருவியைச் சிகாகோ இளைஞர் சிலர் மலிவாக வாங்கி, 'ஆசிட் ஹவுஸ்' என்னும் புதிய இசையையே படைத்தனர். 1987-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. பின்னர் அக்கருவியின் விலை மலையேறிற்று. விற்பனை குறைந்தது, குரல் குறைந்ததன்று.

மேலும், செய்த கணக்கு வேறு. விற்ற கணக்கு வேறு. கிடங்கில் தேங்கிய சரக்கும் உற்பத்திக் கணக்கில் சேர்ந்தே நிற்கும். கூட்ஸ் ஆபீஸில் பேரேடு எழுதுவோர் இதனை நன்கறிவர்.

ஆதலின் எண்ணிக்கையைக் கேட்போம். உறுப்பு கிடைக்குமா, இவ்வூரில் பழுதுபார்ப்பவர் உண்டா என விசாரிப்போம். இறுதியில் நம் குழந்தைகளையே வாசிக்கச் செய்து, காதால் கேட்டு முடிவு செய்வோம். அடுத்த ஆண்டு இம்மேடையில் அவர்கள் பாட்டு பாதியில் நிற்கலாகாது.