மருத்துவப் படிப்பும் தோட்டத்துப் பிள்ளைகளும்



பத்து காஜா வட்டாரத் தோட்டப் பள்ளிகளில், "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் "டாக்டர்" என்பார்கள். நாங்களும் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பெற்றோர்களே, அந்தப் பதிலைப் பற்றி இன்று உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸரே டாக்டர். மருத்துவம் படிக்க, 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய கல்லூரிக்குப் போக வேண்டும். அல்லது இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு கோலாலம்பூரில் 1964இல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் முதல் தலைவர் டாக்டர் தனராஜ் ஒரு தமிழர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பின்னர் தேசியப் பல்கலைக்கழகமும், 1979இல் அறிவியல் பல்கலைக்கழகமும் மருத்துவத்தைத் தொடங்கின.

1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு வேகம் கூடிற்று. மலாக்காவில் 1997இல் ஒன்று. கெடாவில் 2001இல் ஏய்ம்ஸ்ட். இங்கிருந்து அரை மணிப் பயணத்தில், ஈப்போவிலும் ஒன்று உண்டு. நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் முப்பதைத் தாண்டின. கற்பிக்க ஆசிரியரும், பயிற்சிக்கு வார்டுகளும் அதே வேகத்தில் பெருகுமா? 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசாங்கம் தடை விதித்தது. 2016இறுதியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றார்கள். பட்டம் வாங்கியதும் பதவி நிச்சயம் என்ற காலம் மாறிவிட்டது.

அண்மையில் ஒரு தந்தை எங்களிடம் வந்தார். தோட்டம் கைமாறியபின் தொழிற்சாலைக்குப் போனவர். கையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் வழவழப்பான விளம்பரத்தாள். "சேமநிதியை எடுத்துக் கட்டிவிடட்டுமா சார்?" என்றார். மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பட்டியலில் தேடினோம். பெயர் இல்லை. அங்கே படித்துத் திரும்பும் பிள்ளை, தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் இங்கே டாக்டராகப் பதிய முடியும். அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளோ கெட்டிக்காரி. உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் நான்கிலும் நல்ல தேர்ச்சி. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கே விண்ணப்பிக்கச் சொன்னோம். இடம் கிடைப்பது எளிதன்று. ஆனால் கட்டணம் குடும்பத்தைச் சாய்த்துவிடாது. மருந்தியல், தாதிமை, மருத்துவ ஆய்வகம் ஆகியவற்றையும் படிவத்தில் நிரப்பினோம். தந்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை விட்டுவிட்டால் பின்னால் பிடிப்பது கடினம். ஆகவே மூன்றாம் படிவத்திலேயே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். முன்பணம் கேட்கும் தாள் எதுவானாலும், கையெழுத்திடும் முன் கொண்டுவந்து காட்டுங்கள். மாலையிலும் பள்ளியில்தான் இருப்போம்.