துடிக்கும் இதயத்தில் பைபாஸ்

(பழைய மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



சுருளிப்பட்டி திராட்சை விவசாயி ஒருவர், ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டாக்டர் தம்பி, இதயத்தை நிறுத்திப்புட்டு வேலை பார்ப்பீங்களா, ஓட விட்டே பார்ப்பீங்களா?"

நம்ம பள்ளத்தாக்குக்காரர் ஆயிற்றே! "ஐயா, வாய்க்கால் மராமத்துன்னா மதகை அடைச்சுட்டும் பார்க்கலாம். தண்ணி ஓடும்போதே வேலை நடக்கிற இடத்துல மட்டும் மணல் மூட்டை அடுக்கியும் பார்க்கலாம். உங்களுக்கு ரெண்டாவது வழி" என்றேன்.

காரணம் உண்டு. இதயத்தை நிறுத்தினால் ஒரு இயந்திரம்தான் ரத்தத்தை ஓட்ட வேண்டும். அதற்கு மகாதமனியில் குழாய் செருகி, இடுக்கி போட வேண்டும். இவருக்கு அந்தத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே மார்பின் உட்புறத் தமனியையே எடுத்து இணைத்தோம். மகாதமனியைத் தொடவே இல்லை.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். லெனின்கிராடில் கோலெசோவ் 1964-லேயே துடிக்கும் இதயத்தில் இதைச் செய்தார். நம் நாட்டின் முதல் பைபாஸ், 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. நடுவில் இயந்திரமே வழக்கமாகி, 1990-களில் 'ஸ்டெபிலைசர்' வந்தபின் பழைய முறை மறுபடி தலையெடுத்தது. அது தைக்கிற இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ரத்தக்குழாயின் அகலம் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. நூல் தலைமுடி மாதிரி. இதயத்தின் பின்பக்கம் தைக்க அதைத் தூக்கினால் ரத்த அழுத்தம் சரியும். மயக்க மருந்து டாக்டர் "இறங்குது" என்றால் மரியாதையாக இதயத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்! இயந்திரமும் பக்கத்திலேயே தயாராக நிற்கும். தேவைப்பட்டால் மாறிக்கொள்வதில் வெட்கமில்லை.

விளம்பரத்தைப் பார்த்து "எனக்கும் அதே முறைதான் வேணும்" என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2,203 பேரிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஓராண்டு கழித்து, இயந்திரத்துடன் செய்த இணைப்புகளில் நூற்றுக்கு 87.8 அடைபடாமல் இருந்தன; இயந்திரம் இல்லாமல் செய்ததில் 82.6 மட்டுமே. 2012-ல் வந்த, 4,752 பேர் கொண்ட ஆய்விலோ முதல் 30 நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளைப் பார்த்துத்தான் முறை.

நம் விவசாயி நன்றாகத் தேறினார். "மூணு மாசம் பந்தலுக்கடியில கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது" என்றேன். முகம் வாடிவிட்டது. "கவாத்து வந்துருச்சே தம்பி!" என்றார்.