காருக்கு எப்போது சார்ஜ் போடலாம்?

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சார்ஜர் விஷயம் கொஞ்சம் சூடாகிவிட்டது. "சுற்றுச்சூழலுக்கு நல்லது, எல்லோருக்கும் பாயிண்ட் கொடுங்கள்" என்றது ஒரு தரப்பு. "மின்சாரமே நிலக்கரியில்தான் வருகிறது, நம் லைனும் தாங்காது" என்றது இன்னொரு தரப்பு. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். அதில் சின்ன கார் 15 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்கு ஏறக்குறைய இரண்டரை யூனிட் வேண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. ஆக, 1.75 கிலோ. பேட்டரி தயாரிக்கும்போதே ஏறிய கடனும் ஓட ஓடத்தான் கழியும். லாபம் உண்டு; ஆனால் புகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்த 0.7 என்பது சராசரிதான். நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. மாலை 7 மணிக்கு அது கிடையாது. எல்லா வீட்டிலும் விளக்கு, ஏசி. அந்த நேரத்தில் அனல் மின்நிலையங்களைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

அடுத்தது லோடு. சுவரில் மாட்டும் கார் சார்ஜர் ஒன்று சுமார் 7 கிலோவாட். நாலைந்து ஏசி சேர்ந்து ஓடுகிற மாதிரி. ஆபீஸ் விட்டு வந்ததும் பத்துப் பேர் போட்டால் 70. ஒன்றாம் தேதி பென்ஷன்காரர்கள் எல்லோரும் பத்து மணிக்கே வந்து நிற்பார்கள். பெட்டியில் பணம் இருக்கும், கவுண்டர்தான் போதாது. டிரான்ஸ்பார்மர் கதையும் அதுதான். ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும்; அவற்றால் பெரிய சுமை இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. மாலை 6 முதல் 10 வரை யாரும் காருக்குச் சார்ஜ் போட வேண்டாம். பகலில் வண்டி வீட்டில் நிற்பவர்கள் பகலிலேயே போடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவு 11 மணிக்கு மேல் டைமர் வையுங்கள். இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. மூன்றாவது, மின்வண்டிக்கென்று தனி இணைப்புக் கேட்க மத்திய அரசின் 2024 விதித் திருத்தம் இடம் தருகிறது. புது பாயிண்டுகளுக்கு முன், நமக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதைச் சங்கம் சரிபார்க்கட்டும்.

என் மகனும் மின்சாரக் கார் வாங்கப் போகிறான். முதல் டைமர் எங்கள் வீட்டில்தான்.